சிறு காருக்கு ஏற்ற ஸ்பார்க் பிளக்

புது தில்லியின் ஆர்.கே.புரம் மத்திய அரசு ஊழியர்கள் நிறைந்த குடியிருப்புப் பகுதி. ஜனவரி மாதத்துக் காலைகளில் அங்கே ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். பனிமூட்டத்தினிடையே வரிசையாக நிற்கும் சிறு கார்களில் ஏதேனும் ஒன்று இருமுவதுபோல் ஒலித்து அடங்கும், மறுபடி ஒலிக்கும், மறுபடி அடங்கும். அலுவலக நேரம் நெருங்கிக்கொண்டிருக்கும். மூன்றாம் நாளும் இவ்வாறு நேர்ந்தால், உரிமையாளர் உதிரிபாகக் கடைக்குச் சென்று “நல்ல பிளக்காகக் கொடுங்கள்” என்று கேட்கிறார். கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைக்கிறார். முதலாவது சாதாரண நிக்கல் பிளக், இரண்டாவது பிளாட்டினம், மூன்றாவது இரிடியம். விலை படிப்படியாக ஏறுகிறது. இம்மூன்றில் நல்லது எது?

இக்கேள்விக்கு விலையைக் கொண்டு விடை காண இயலாது. எஞ்சினுக்குப் பொருந்தாத பிளக் எத்துணை விலையுயர்ந்ததாயினும் தீங்கே செய்யும். பொருத்தமான பிளக் எளிய நிக்கலாலானதாயினும் செவ்வனே பணிபுரியும். அந்தப் பொருத்தம் எவற்றைப் பற்றியது, அதனை எவ்வாறு கண்டறிவது என்பனவற்றை இங்கு விளக்குவோம்.

தொடங்குமுன் சொல்லைப் பற்றி ஒரு சொல். இக்கருவியைத் தீப்பொறிச் செருகி என்று தமிழில் வழங்குவதுண்டு. பொருள் விளங்கும் நல்ல பெயர்தான். ஆயினும் அப்பெயரைச் சொல்லிக் கேட்டு எந்தக் கடையிலும் பொருளைப் பெற்றவரை இக்கட்டுரையாசிரியர் இதுவரை சந்தித்ததில்லை. பட்டறையிலும் கடைத்தெருவிலும் வழங்கும் ‘பிளக்’ என்னும் சொல்லையே இங்கும் ஆள்வோம்.

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவை சிலிண்டருக்குள் இழுக்கப்படுகிறது. பிஸ்டன் மேலெழுந்து அதனை நெருக்குகிறது. நெருக்கம் உச்சத்தை எட்டுவதற்குச் சற்று முன்பாக, பிளக்கின் முனையிலுள்ள இரு உலோகக் கம்பிகளுக்கிடையே மின்பொறி ஒன்று பாய்ந்து கலவையைப் பற்றவைக்கிறது. அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவினதே. எனினும் நெருக்கப்பட்ட வாயுவினூடே அதைத் தாண்டுவதற்குப் பத்தாயிரம் முதல் முப்பதாயிரம் வோல்ட் வரை மின்னழுத்தம் தேவைப்படுகிறது. எரியும் வாயுவின் உஷ்ணநிலை 2000 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுகிறது. அடுத்த கணமே வெளிக்காற்றின் குளிர்ச்சியுடன் புதுக்கலவை உள்ளே புகுந்து அதே முனையைத் தழுவுகிறது.

நான்கு வீச்சு எஞ்சினில் சுழல்தண்டு இருமுறை சுற்றும்போது ஒவ்வொரு பிளக்கும் ஒருமுறை பொறி தரவேண்டும். ஆர்.கே.புரத்திலிருந்து மத்தியத் தலைமைச் செயலகம் செல்ல நெரிசலில் அரைமணி நேரம் ஆவதாகவும், எஞ்சின் சராசரியாக நிமிஷத்துக்கு 2000 சுற்றுகள் சுழல்வதாகவும் கொள்வோம். அந்த ஒரு பயணத்தில் மட்டும் ஒவ்வொரு பிளக்கும் முப்பதாயிரம் பொறிகளைத் தருகிறது. மாணவர்களைக் கொண்டே இக்கணக்கைச் செய்விக்கலாம்.

மின்பொறியால் வாயுவை எரிக்கும் முறையை லெனுவார் என்பவர் தம் வாயு எஞ்சினில் 1860-ஆம் ஆண்டிலேயே கையாண்டார். ஆயினும் விரைந்து ஓடும் கார் எஞ்சினுக்கு ஏற்ற நம்பகமான பிளக், ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் தொழிற்கூடத்தைச் சேர்ந்த ஹோனோல்ட் என்னும் பொறியியலறிஞர் 1902-ல் உயர் அழுத்த மாக்னெட்டோவுடன் அதை இணைத்த பின்னரே நிலைபெற்றது. நம் நாட்டில் பெங்களூரில் 1951-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, அதாவது ‘மைக்கோ’, பிளக்குகளைத் தயாரிக்கலாயிற்று. 2008 முதல் அந்நிறுவனம் பாஷ் லிமிடெட் என்னும் பெயரால் வழங்குகிறது. பழைய பட்டறைக்காரர்கள் சிலர் இன்னமும் எந்தப் பிளக்கையும் மைக்கோ என்றே குறிப்பிடுவர்.

பிளக்கை அறுத்துப் பார்த்தால் நடுவே ஒரு கம்பி. அதைச் சுற்றி வெள்ளைப் பீங்கான். அதற்கு வெளியே மரை வெட்டிய எஃகுக் கூடு. கூட்டின் அடியிலிருந்து வளைந்து வந்து நடுக்கம்பிக்கு எதிரே நிற்பது தரைக்கம்பி. நடுக்கம்பி பெரும்பாலும் நிக்கல் கலப்புலோகம்; உஷ்ணத்தை விரைவாகக் கடத்தும்பொருட்டு அதன் உள்ளே செம்பு பொதிந்திருக்கும். பீங்கான் எனப்படுவது உண்மையில் அலுமினியம் ஆக்ஸைடு. மின்சாரத்தைத் தடுப்பது, ஆனால் உஷ்ணத்தை ஓரளவு கடத்துவது என்னும் இரு குணங்களும் அதில் ஒருங்கே அமைந்துள்ளன.

இந்தப் பீங்கான் மூக்கின் நுனி எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்பதே பிளக்கைத் தேர்ந்தெடுப்பதில் தலையாய விஷயம். அது 450 அல்லது 500 டிகிரிக்குக் கீழே இருந்தால், கலவை எரியும்போது உண்டாகும் கரி அதன்மீது படிந்து தங்கிவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. ஆகவே மின்னோட்டம் இடைவெளியைத் தாண்டிப் பொறியாவதற்குப் பதில், கரிப்படலத்தின் வழியாகவே கசிந்து கூட்டைச் சென்றடையும். பொறி இராது, எஞ்சின் இருமும். நுனி அந்த அளவுக்கு மேல் சூடாக இருந்தால் கரி தானாகவே எரிந்து நீங்கிவிடும். இதற்குத் தன்னைத்தானே சுத்திகரிக்கும் உஷ்ணநிலை என்று பெயர்.

மறுபக்கத்திலும் ஓர் எல்லை உண்டு. நுனி ஏறக்குறைய 850 முதல் 950 டிகிரியை எட்டினால், பொறி பாய்வதற்கு முன்னரே அது தணல்போல் கனன்று கலவையைப் பற்றவைத்துவிடும். பிஸ்டன் மேலேறிக்கொண்டிருக்கும்போதே கலவை எரியத் தொடங்கினால், எரியும் வாயுவைப் பிஸ்டன் மேலும் நெருக்குகிறது, சூடு பன்மடங்காகிறது, அச்சூட்டால் நுனி இன்னும் முன்னதாகவே பற்றவைக்கிறது. இத்தொடர் சில நிமிஷங்கள் நீடித்தாலும் அலுமினியப் பிஸ்டனின் தலை உருகித் துளைபட இடமுண்டு.

ஆகவே மெதுவாகச் செல்லும்போதும் கீழெல்லைக்குக் குறையாமலும், நெடுஞ்சாலையில் முழுவேகத்தில் செல்லும்போதும் மேலெல்லையைத் தாண்டாமலும் நுனி இருக்கவேண்டும். எஞ்சினுக்கு எஞ்சின் உள்ளே தோன்றும் சூடு மாறுபடுவதால் ஒரே பிளக் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பீங்கான் மூக்கின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் இதனைச் சரிசெய்கிறார்கள். மூக்கு நீளமாயின் நுனியிலுள்ள உஷ்ணம் கூட்டை அடைய நெடுவழி செல்லவேண்டும். நுனி சூடாகவே இருக்கும். இது சூட்டுப் பிளக். மூக்கு குட்டையாயின் உஷ்ணம் விரைவில் வெளியேறும், நுனி குளிர்ந்திருக்கும். இது குளிர் பிளக். வலிமை குறைந்த, மெதுவாக ஓடும் எஞ்சினுக்கு முன்னதும், மிகுந்த சூட்டை உண்டாக்கும் எஞ்சினுக்குப் பின்னதும் ஏற்றவை. சூட்டுப் பிளக் வலிமையான பொறியைத் தரும் என்று சிலர் எண்ணுவது பிழை. பொறிக்கும் இப்பெயருக்கும் தொடர்பே இல்லை. உஷ்ணம் வெளியேறும் வேகத்தையே இது குறிக்கிறது.

இந்த உஷ்ணத்தரத்தைப் பிளக்கின்மீது ஓர் எண்ணாகப் பொறித்திருப்பார்கள். பலரும் தடுமாறி விழும் இடம் இதுவே. என்.ஜி.கே., டென்ஸோ ஆகிய ஜப்பானியத் தயாரிப்புகளில் எண் ஏற ஏறப் பிளக் குளிர்ந்தது. பாஷ், சாம்பியன் ஆகியவற்றில் எண் ஏற ஏறப் பிளக் சூடானது. போதாக்குறைக்கு, பாஷ் முறையிலேயே பழைய வழக்கு வேறு. முன்பு 145, 175, 225 என்ற பெரிய எண்கள் வழங்கின. அவற்றில் எண் ஏற ஏறப் பிளக் குளிர்ந்தது. பிற்காலத்தில் ஒன்று, இரண்டு இலக்க எண்களுக்கு மாறியபோது திசையும் மாறிவிட்டது. பழைய 175 இன்றைய 7. பழைய கையேட்டை வைத்துக்கொண்டு புதிய பிளக் வாங்குவோர் இதை மறந்தால் நேர் எதிரானதை வாங்கி வருவர்.

ஓர் உதாரணம் காண்போம். என்.ஜி.கே.யின் ‘பி.பி.ஆர்.6இ.எஸ்.’ என்னும் பிளக் பரவலாகப் பயன்படுவது. இதில் முதல் ‘பி’ 14 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மரையையும் 20.8 மில்லிமீட்டர் அறுகோணத் தலையையும் குறிக்கிறது. இரண்டாவது ‘பி’ பீங்கான் மூக்கு வெளியே நீண்டிருப்பதையும், ‘ஆர்’ உள்ளே மின்தடை வைத்திருப்பதையும், ‘6’ உஷ்ணத்தரத்தையும், ‘இ’ மரையின் நீளம் 19 மில்லிமீட்டர் என்பதையும், ‘எஸ்’ செம்பு பொதிந்த சாதாரண நடுக்கம்பியையும் குறிக்கின்றன. இதற்கு நிகராகப் பாஷ் வழங்குவது ‘டபிள்யூ.ஆர்.7டி.சி.’, டென்ஸோ வழங்குவது ‘டபிள்யூ.20இ.பி.ஆர்.’ வரிசை, சாம்பியன் வழங்குவது ‘ஆர்.என்.9ஒய்.சி.’. ஒரே வேலைக்குரிய நான்கு பிளக்குகளில் எண்கள் 6, 7, 20, 9 என நிற்கின்றன! இதைவிட ஒரு படி சூடான பிளக் வேண்டுமாயின் என்.ஜி.கே.யில் 5, டென்ஸோவில் 16, பாஷில் 8. ஆகவே ஒரு தயாரிப்பின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு நேருக்கு நேர் ஒப்பிடலாகாது. தயாரிப்பாளர் வெளியிடும் ஒப்புநோக்குப் பட்டியலைப் பார்த்தே மாற்றவேண்டும்.

இக்கட்டுரையாசிரியர் இப்பாடத்தைப் பணம் செலுத்தியே கற்றார். 2009-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவரிடம் பிறர் ஓட்டிய பழைய மாருதி 800 ஒன்று இருந்தது; கார்புரேட்டர் உள்ள வண்டி. வீட்டிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து வீடு என ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு மேல் அது செல்வதில்லை. எஞ்சின் நன்கு சூடேறுமுன் பயணம் முடிந்துவிடும். பிளக்குகள் மூன்றும் மாதந்தோறும் கரிபிடித்தன. பட்டறைக்காரர் ஒருவர் “சூட்டுப் பிளக் போட்டால் கரி பிடிக்காது” என்று கூறி, இரண்டு படி சூடானவற்றைப் பொருத்தினார். அவர் கூறியது பொய்யன்று; கரி நின்றது; குளிர்காலம் இனிதே கழிந்தது.

மார்ச் மாதத்தில் வேறொரு பட்டறையில் வண்டியைச் சோதித்தபோது கரியின் மெய்யான காரணம் வெளிப்பட்டது. காற்று வடிகட்டி தில்லிப் புழுதியால் அடைபட்டிருந்தது. சோக் முழுவதும் திரும்பாமல் பாதியில் நின்றது. கலவையில் பெட்ரோல் மிகுந்து கரி உண்டாயிற்று. அங்கே இரண்டையும் சரிசெய்தனர். ஆனால் பிளக்குகளை மாற்றவேண்டும் என்ற நினைவு அவர்களுக்கும் வரவில்லை, உரிமையாளருக்கும் வரவில்லை. மே மாதத்தில் குடும்பத்தோடு ஜெயப்பூருக்குப் புறப்பட்ட வண்டி, வெயில் கொளுத்தும் நெடுஞ்சாலையில், பாதி வழியில் உலோகத்தைத் தட்டுவதுபோன்ற ஒலியை எழுப்பியது. ஏற்றத்தில் ஏறும் ஒலி என்று எண்ணி மேலும் சிறிது தூரம் ஓட்டினார்கள். எஞ்சினைப் பிரித்தபோது நடுச் சிலிண்டரின் பிஸ்டன் தலை உருகியிருந்தது. அந்தப் பிளக்கின் பீங்கான் சுண்ணாம்புபோல் வெளுத்துக் கொப்புளித்திருந்தது. மூன்று பிளக்குகளின் விலையைப்போல் பலமடங்கு தொகை பழுதுபார்க்கச் செலவாயிற்று.

பிளக் மாற்றியவரும் அறியாமல் மாற்றவில்லை. கலவையைச் சரிசெய்தவரும் தவறு செய்யவில்லை. நோயின் அடையாளத்தை மறைக்கும் மருந்து உள்ளேயே தங்கியிருக்க, நோய் மட்டும் நீங்கியதால் மருந்தே நோயாயிற்று. கரி பிடிக்கும் பிளக்கைக் கண்டால் அதன் உஷ்ணத்தரத்தை மாற்றுவது கடைசி உபாயமாக இருக்கவேண்டும். முதலில் வடிகட்டியையும், சோக்கையும், மின்சுற்றையும், மிகக் குறுகிய பயணங்களையும் கவனிக்கவேண்டும். வாரத்தில் ஒருநாள் அரைமணி நேரம் தடையின்றி ஓடும்படி வண்டியைச் சற்றுத் தொலைவு கொண்டுசென்றாலே இலேசான கரி பெரும்பாலும் எரிந்துபோகும்.

அடுத்துக் கவனிக்கவேண்டியது மரையின் நீளம். 14 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பிளக்குகளில் மரைநீளம் 12.7 மில்லிமீட்டராகவும் இருக்கலாம், 19 மில்லிமீட்டராகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே துளையில் பழுதின்றித் திருகிக்கொள்ளும், அதுவே அபாயம். நீண்டதைக் குறுகிய துளையில் பொருத்தினால் முனை எரியறைக்குள் நீட்டிக்கொண்டு பிஸ்டனிலோ வால்விலோ மோதக்கூடும். மோதாவிடினும் வெளியே நீண்ட மரை கனன்று முன்பற்றலை விளைவிக்கும். குறுகியதை நீண்ட துளையில் பொருத்தினால் பொறி ஒரு பொந்துக்குள் ஒடுங்கிவிடும். வெறுமையாக விடப்பட்ட மரையில் கரி இறுகிப் பின்னர்ச் சரியான பிளக்கையும் நுழையவிடாது. 1961 முதல் சென்னையை அடுத்த தொழிற்சாலையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காலத்து எஞ்சின்களுக்கும் பிற்காலத்து எஞ்சின்களுக்கும் இந்த வேறுபாடு உண்டு. புதிய சிறு கார்கள் சிலவற்றில் மரையின் குறுக்களவே 12 மில்லிமீட்டராகக் குறைந்துள்ளது. கழற்றிய பழைய பிளக்கைக் கடைக்கு எடுத்துச் சென்று புதியதோடு அருகருகே வைத்துப் பார்ப்பது கைகண்ட முறை. ஆனால் முன்னிருந்தவர் தவறான பிளக்கைப் போட்டிருந்தால் அம்முறையும் நம்மைக் கைவிடும். காருடன் வழங்கப்பட்ட கையேட்டையும் பார்த்துக்கொள்வது நலம்.

‘ஆர்’ என்ற எழுத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். பொறி பாயும்போதெல்லாம் வானொலி அலைகள் எழுகின்றன. பிளக்கின் உள்ளே ஏறத்தாழ 5000 ஓம் மின்தடை வைத்து அவற்றை அடக்குகிறார்கள். கார்புரேட்டர் காலத்தில் இது இல்லையெனில் வானொலிப் பெட்டியில் கரகரப்புக் கேட்கும், அவ்வளவே. பெட்ரோலைப் பீச்சும் அளவை மின்னணுக் கருவி நிர்ணயிக்கும் இன்றைய கார்களிலோ அக்கருவியே குழம்பக்கூடும். தடையுள்ள பிளக் குறிக்கப்பட்டிருப்பின் தடையுள்ளதையே வாங்கவேண்டும்.

இனி நிக்கல், பிளாட்டினம், இரிடியம் ஆகியவற்றுக்கு வருவோம். ஒவ்வொரு பொறியும் கம்பியின் நுனியிலிருந்து நுண்ணிய துகளைக் கவர்ந்து செல்கிறது. இலட்சக்கணக்கான பொறிகளுக்குப் பின் நுனி மழுங்கி இடைவெளி அகன்றுவிடும்; பொறி பாய இன்னும் அதிக மின்னழுத்தம் தேவைப்படும். நிக்கல் 1455 டிகிரியிலும், பிளாட்டினம் 1768 டிகிரியிலும், இரிடியம் 2446 டிகிரியிலும் உருகுகின்றன. உருகுநிலை உயர்ந்த உலோகம் தேய்வது குறைவு. ஆதலால் அதனை மிக மெல்லிய கம்பியாக அமைக்கலாம். சாதாரண நடுக்கம்பி ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் தடிமன் உள்ளதாயிருக்க, இரிடியம் கம்பி 0.4 அல்லது 0.6 மில்லிமீட்டர் மட்டுமே. கூரிய முனையிலிருந்து பொறி குறைந்த அழுத்தத்திலேயே பாயும். இவ்விரண்டுமே அதன் மெய்யான சிறப்புகள்: நீண்ட ஆயுள், எளிதில் பாயும் பொறி.

வண்டியின் வலிமை கூடும், பெட்ரோல் பெருமளவு மிச்சமாகும் என்பன நன்னிலையிலுள்ள எஞ்சினில் எதிர்பார்க்கத்தக்கவை அல்ல. தேய்ந்த நிக்கல் பிளக்கைக் கழற்றிவிட்டுப் புதிய இரிடியம் பொருத்தியவர் வேறுபாட்டை உணர்வது உண்மையே. புதிய நிக்கலைப் பொருத்தியிருந்தாலும் அதில் பெரும்பகுதியை உணர்ந்திருப்பார். எண்ணெய் எரிக்கும் பழைய எஞ்சினில் இரிடியம் போடுவது வீண்செலவு. பிளக்கை எளிதில் எட்டமுடியாத எஞ்சினாயின், அடிக்கடி பிரிக்கும் கூலியை எண்ணிப் பார்த்தால் இரிடியமே மலிவாகும். கையேடு இரிடியம் என்று குறித்திருந்தாலோ, சிக்கனம் கருதி நிக்கலுக்கு இறங்குதல் கூடாது. இறங்கினால் மாற்றவேண்டிய கிலோமீட்டர் கணக்கும் பெரிதும் குறைந்துவிடும் என்பதை மறக்கலாகாது. இரண்டு, மூன்று, நான்கு தரைக்கம்பிகள் உள்ள பிளக்குகளும் விற்கின்றன. அவற்றில் ஒரே நேரத்தில் நான்கு பொறிகள் எழுவதில்லை. எவ்வழி எளிதோ அவ்வழியே ஒரு பொறி பாயும். தேய்மானம் பகிர்ந்துகொள்ளப்படும் என்பதே பயன்.

தில்லியில் அழுத்திய இயற்கை வாயுவால் ஓடும் கார்கள் ஏராளம். 1998-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற ஆணையையடுத்துப் பேருந்துகளும் ஆட்டோக்களும் அவ்வாயுவுக்கு மாறியதன் பின் சொந்தக் கார்களும் அதைப் பின்பற்றின. இவ்வாயுக் கலவையில் பொறி பாய்வதற்குப் பெட்ரோலைவிட அதிக மின்னழுத்தம் தேவை. ஆகவே இடைவெளியைச் சிறிது குறைத்து வைப்பது வழக்கம். பிளக் தேய்வதும் விரைவு. வாயுவுக்கென்று தயாரிப்பாளர் தனிப் பிளக் குறித்திருந்தால் அதையே கொள்ளவேண்டும்.

பிளக் சரியாகப் பொறி தராவிட்டால் இழப்பு உரிமையாளருக்கு மட்டுமன்று. எரியாத பெட்ரோல் ஆவி புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. அக்குழாயில் இன்று வினையூக்கி மாற்றி என்னும் கருவி உள்ளது. ஈயம் கலந்த பெட்ரோல் அக்கருவியைப் பாழாக்குமாதலால், நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் அதற்கென ஈயமற்ற பெட்ரோல் விற்கப்பட்டது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் ஈயமற்றதே வழங்குகிறது. எரியாத பெட்ரோல் அக்கருவிக்குள் புகுந்தால் அங்கே எரிந்து அதன் தேன்கூடு போன்ற பீங்கான் அமைப்பை உருக்கிவிடும். ஒரு பிளக் தவறினால், பிளக்கைவிடப் பன்மடங்கு விலையுள்ள கருவி அழியும். அது அழிந்ததை அறியாமலே நச்சுப் புகையைக் கக்கிக்கொண்டு வண்டி ஓடிக்கொண்டிருக்கும். ஓடும்போது எஞ்சின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் வேகத்தைத் தணித்துப் பட்டறையை நாடவேண்டும்.

கழற்றிய பிளக்கைத் தூக்கி எறிந்துவிடுவது பெரும்பாலோர் வழக்கம். மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல், எஞ்சினின் நிலையைப் பிளக்கின் முனையில் படிக்கலாம். இளம் பழுப்பு அல்லது சாம்பல் நிறமாயின் யாவும் நலம். உலர்ந்த கருமை, பெட்ரோல் மிகுந்த கலவையையோ குறுகிய பயணங்களையோ மிகக் குளிர்ந்த பிளக்கையோ காட்டுகிறது. ஈரமாகவும் பிசுபிசுப்பாகவும் கருத்திருந்தால் அது எஞ்சின் எண்ணெய்; பிஸ்டன் வளையங்களோ வால்வு வழிகாட்டிகளோ தேய்ந்திருக்கும்; எந்தப் பிளக்காலும் அதற்குப் பரிகாரம் இல்லை. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு. மூன்று பிளக்குகளில் ஒன்று மட்டும் வேறுபட்டிருந்தால், குற்றம் அந்தச் சிலிண்டருக்கு உரியது. ஆதலின் கழற்றும்போதே எது எந்தச் சிலிண்டரினது என்று குறித்துவைத்தல் அவசியம். வெளிப்புறப் பீங்கானில், எஃகுக் கூட்டுக்கு மேலே, பழுப்பு வளையம் ஒன்று காணப்படுவதுண்டு. வாயு கசிந்த தடம் என்று எண்ணிப் பலர் நல்ல பிளக்கை எறிந்துவிடுகிறார்கள். உயர் மின்னழுத்தத்தால் கவரப்பட்ட எண்ணெய்த் துகள்களும் தூசியும் படிந்த கறையே அது, அதனால் தீங்கில்லை.

வாங்கும்போது போலிகளைக் குறித்து எச்சரிக்கை தேவை. பெட்டியும் எழுத்தும் அசலைப்போலவே இருக்கும். மரை கரடுமுரடாக இருத்தல், தரைக்கம்பி நடுக்கம்பிக்கு நேராக நில்லாமை, பொறித்த எழுத்து விரலால் தேய்த்தால் மங்குதல், வாஷர் தானே கழன்று விழுதல் ஆகியவை ஐயத்துக்கு இடமளிப்பவை. தில்லியின் காஷ்மீரி கேட் போன்ற பெருஞ்சந்தையில் வாங்கினாலும் ஊர்க் கடையில் வாங்கினாலும் இரசீது பெறுவது நன்று.

பொருத்துவதில் ஏற்படும் பிழைகளே தேர்ந்தெடுப்பதில் ஏற்படும் பிழைகளைவிட அதிகம் என்பது இக்கட்டுரையாசிரியரின் துணிபு. எஞ்சின் ஆறியபின்பே கழற்றவேண்டும். கழற்றுமுன் குழியிலுள்ள தூசியை ஊதி நீக்கவேண்டும். இடைவெளியை ஃபீலர் கேஜ் எனப்படும் தகட்டளவால் சரிபார்க்கவேண்டும். கார்புரேட்டர் காலத்து எஞ்சின்களில் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் வரையிலும், பிற்காலத்தவற்றில் பெரும்பாலும் 0.8 முதல் 1.1 மில்லிமீட்டர் வரையிலும் குறிக்கப்பட்டிருக்கும். திருத்தும்போது தரைக்கம்பியை மட்டுமே வளைக்கலாம். இரிடியத்தின் மெல்லிய நுனியில் தகட்டைச் செருகி நெம்பினால் அது முறிந்துபோகும். கம்பித் தூரிகையும் அதற்கு ஆகாது. பின்னர் விரல்களாலேயே மரையில் ஏற்றவேண்டும். தொடக்கத்திலேயே ஸ்பானரைக் கையாண்டால் மரை குறுக்கே ஏறி, மென்மையான அலுமினியத் தலையைக் கெடுத்துவிடும். வாஷர் உள்ள புதிய 14 மில்லிமீட்டர் பிளக்காயின், விரலால் இறுகியபின் ஸ்பானரால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை திருகினால் போதும். முன்பே பயன்பட்ட பிளக்கில் வாஷர் நசுங்கியிருக்குமாதலால் பன்னிரண்டில் ஒரு சுற்றே போதுமானது. தளர்ந்திருந்தால் உஷ்ணம் தலைக்குக் கடந்து செல்லாமல், சரியான பிளக்கே சூட்டுப் பிளக்காக மாறிவிடும். மரையில் எண்ணெய் தடவும் பழக்கமும் வேண்டாம். வழுக்கலினால் நாம் அறியாமலே மிகையாக இறுக்கிவிடுவோம்.

மாருதி 800-இன் முதல் கார் 1983 டிசம்பர் 14-ஆம் நாள் தில்லியில் ஒப்படைக்கப்பட்டது; 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. ஆயினும் அதன் பழைய பிளக்குகள் எந்தப் பட்டறையின் குப்பைக் கூடையிலும் இலவசமாகக் கிடைக்கும். ஆசிரியர்கள் பத்துப் பன்னிரண்டு சேர்த்து, பெட்ரோல் நெடி போகும்வரை வெளியில் உலரவைத்துக் கொள்வார்களாக. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் தலையிலும் மறுமுனையை நடுக்கம்பியின் நுனியிலும் வைத்தால், ‘ஆர்’ எழுத்துள்ளதில் சில ஆயிரம் ஓம் காட்டும். அஃதில்லாததில் ஏறக்குறைய சுழி காட்டும். அடுத்து நடுக்கம்பிக்கும் எஃகுக் கூட்டுக்கும் இடையே வைத்துப் பார்க்கவேண்டும். நல்ல பிளக்கில் மின்னோட்டம் சிறிதும் செல்லாது. நன்றாகக் கரி பிடித்ததில் முள் நகரும், அல்லது எண் தோன்றும். குளிர்காலக் காலையில் கார் கிளம்பாமைக்குக் காரணமான கசிவு இதுவே; மேசைமீது வைத்தே மாணவர்களுக்கு இதனைக் காட்டிவிடலாம்.